பின்னாடி சேர்த்துக் கட்டிய ரூமில் மட்டும் மழைத்தண்ணி ஒழுகுவது ஏன்? சரிசெய்வது எப்படி?

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் பல வீடுகளில் ஒரே காட்சிதான். பழைய வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகாது. ஆனால் நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பின்பக்கம் சேர்த்துக் கட்டின ரூமில் மட்டும் வாளி வைக்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும் அதுதான் புதுசாகக் கட்டினது.

கொத்தனாரைக் கூப்பிட்டால், மாடியில் விரிசல் தெரியும் இடத்தில் சிமென்ட் பாலை ஊற்றி, மேலே கொஞ்சம் கலவையைத் தேய்த்துவிட்டுப் போவார். அந்த மழைக்காலம் தப்பிக்கும். அடுத்த வருஷம் அதே மூலை, அதே வாளி. கடையில் கேட்டால் ஒரு டின் 'வாட்டர் ப்ரூஃப்' பெயின்ட்டைக் கையில் கொடுப்பார்கள். அதுவும் ஒரு கோடையைத் தாண்டினால் பெரிய விஷயம்.

தப்பு பெரும்பாலும் சிமென்ட்டிலோ பெயின்ட்டிலோ இல்லை, அடைக்கும் இடத்திலும் அடைக்கும் முறையிலும்தான். சேர்த்துக் கட்டிய அறை ஒழுகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தளத்தின் நடுப்பகுதியை அல்ல, பழைய சுவரும் புதுத் தளமும் ஒட்டுகிற அந்த ஒரு கோட்டை.

பார்க்க ஒரே வீடு, உண்மையில் இரண்டு

வெளியே இருந்து பார்த்தால் ஒரே பெயின்ட், ஒரே கட்டடம். ஆனால் பழைய வீட்டின் அஸ்திவாரம் இருபது வருஷமாக மண்ணில் அழுந்தி, நிலைத்து நிற்கிறது. புது அறையின் அஸ்திவாரம் இப்போதுதான் அழுந்த ஆரம்பித்திருக்கும். களிமண் பூமி என்றால் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். பழைய பகுதியும் புதுப் பகுதியும் ஒரே அளவில் இறங்காது. தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் விழுந்தாலே தண்ணீருக்குப் போதும்.

இன்னொரு காரணம் வெயில். சித்திரை வெயிலில் மொட்டை மாடியின் மேற்பரப்பு 55 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும், விடியற்காலையில் நன்றாகக் குளிர்ந்துவிடும். கான்கிரீட் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 30 அடி நீளமுள்ள தளத்தின் வெப்பநிலை 25 டிகிரி மாறினால், நீளம் சுமார் 2.5 மில்லிமீட்டர் மாறும். பின்னாடி இருக்கும் 12 அடி அறைக்கு இந்தக் கணக்கு 1 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அது தினமும் நடக்கிறது. பழைய சுவர் ஒரு பக்கம் நகரும், புதுத் தளம் இன்னொரு பக்கம் நகரும். நடுவில் கெட்டியாகத் தேய்த்த சிமென்ட் கலவை இழுவையைத் தாங்காது. ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கத் தெரியாத பொருள் அது. வருஷா வருஷம் அதே இடத்தில் விரிசல் வருவது இதனால்தான்.

கட்டும்போது செய்த வேலையும் ஒரு காரணம். பல இடங்களில் பழைய சுவரில் கொஞ்சம் கொத்திவிட்டு, அதன் மேலேயே புதுத் தளத்தை உட்கார வைத்து, மேலே பூசிவிடுவார்கள். பூச்சு காய்ந்ததும் ஜாயின்ட் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததால் அதற்கென்று தனியாக எந்தப் பாதுகாப்பும் செய்திருக்க மாட்டார்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: சேர்த்துக் கட்டிய அறையின் கூரை பெரும்பாலும் பழைய மாடியைவிடத் தாழ்வாக இருக்கும். மேல் மாடித் தண்ணீர் குழாய் வழியாக நேராக இந்தத் தளத்தின் மேல்தான் வந்து கொட்டும். 800 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 7,400 லிட்டர் தண்ணீர். அவ்வளவும் ஒரு சின்ன அறையின் கூரை வழியாக, ஒரே ஒரு குழாய் வாயில் இறங்க வேண்டும். அந்த வாயை நாலு மாவிலை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கறை இருக்கும் இடத்தில் ஓட்டை இருக்காது

சீலிங்கில் ஃபேன் கொக்கி பக்கத்தில் சொட்டுகிறது என்றால், மாடியில் ஏறி நேர் மேலே ஓட்டை தேடுவார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. தண்ணீர் ஜாயின்ட்டில் இறங்கி, தட்டோட்டுக்கு அடியில் உள்ள ஜல்லியில் ஊறி, தளத்துக்குள் புதைத்த கரன்ட் பைப் கிடைத்தால் அதன் வழியாக ஓடி, பத்தடி தள்ளி ஃபேன் பெட்டியில் வந்து எட்டிப் பார்க்கும்.

அதனால் எங்கே சொட்டுகிறது என்பதோடு எப்போது சொட்டுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மழை ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சொட்டினால் திறந்த விரிசல் அல்லது ஜாயின்ட் இருக்கிறது என்று அர்த்தம். மழை விட்டு மறுநாளும் சொட்டிக்கொண்டே இருந்தால், மேலே போட்ட ஜல்லித் தளம் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது. காற்றோடு சாரல் அடிக்கும்போது மட்டும் என்றால் கூரை தப்பு செய்யவில்லை. வெளிச்சுவர் பூச்சையும் ஜன்னல் சன்ஷேடையும் பார்க்க வேண்டும். மழையே இல்லாத மே மாதத்திலும் ஈரம் தெரிகிறதா? அப்படியானால் மேலே போகும் தண்ணீர் குழாய், டேங்க், பக்கத்து பாத்ரூம் இந்த மூன்றில் ஒன்று. இந்த நிலையில் கூரைக்கு எத்தனை கோட்டிங் அடித்தாலும் காசு வீண்தான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுமை வேண்டும். மழை இல்லாத நாளில், தளம் காய்ந்திருக்கும்போது, ஹோஸ் பைப்பால் ஒரு பகுதியை மட்டும் நனைக்க வேண்டும். முதலில் தளத்தின் நடுப்பகுதி. அரை மணி நேரம் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, கீழே ஒருவர் பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லையா? அடுத்து குழாய் வாய். அதன்பிறகு கைப்பிடிச் சுவரின் அடி. கடைசியாகப் பழைய சுவரை ஒட்டிய ஜாயின்ட். அதிலும் முதலில் தரையோடு ஒட்டிய கோடு, அதன்பின் சுவரின் மேல்பகுதி. கீழிருந்து மேலே போவதுதான் முறை. மேலே முதலில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது.

அடுத்த முறை மழையில் சொட்டும்போது சீலிங்கில் கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் எழுதி வைத்தால் நல்லது. கறை எந்தப் பக்கம் வளர்கிறது என்பது பெரும்பாலும் வழியைக் காட்டிவிடும்.

இந்த இரண்டு அறிகுறி இருந்தால் காத்திருக்கக் கூடாது

ஒழுகுவது தொல்லை. ஆனால் சில நேரம் அது ஆபத்து.

முதலாவது கரன்ட். ஃபேன் பெட்டி, லைட் ஹோல்டர், சுவிட்ச் போர்டு வழியாகத் தண்ணீர் வந்தால் அந்த அறைக்கான எம்சிபியை உடனே இறக்கிவிட வேண்டும். எந்த எம்சிபி என்று தெரியாவிட்டால் மெயினையே அணைப்பது நல்லது. ஈரக் கையோடு ஃபேன் சுவிட்ச்சைத் தொடக் கூடாது. காய்ந்த பிறகும் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும் வரை அந்த லைனைப் போட வேண்டாம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (பழைய பேச்சில் ஈஎல்சிபி) இல்லையென்றால், கூரைச் செலவோடு அதையும் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இரண்டாவது கம்பி. கூரைத் தளத்தில் கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் பொதுவாக 20 மில்லிமீட்டர் அளவுதான். தண்ணீர் தொடர்ந்து இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, அது உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை எடுத்துக்கொள்ளும். உள்ளிருந்து அந்த அழுத்தம் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். முதலில் கம்பி போகும் வழியில் நேர்கோடாக விரிசல் தெரியும், பிறகு பழுப்புக் கறை, அப்புறம் ஒரு நாள் பூச்சோடு கான்கிரீட் தட்டு தட்டாகக் கீழே விழும். படுத்திருப்பவர் மேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

சீலிங்கை ஒரு கம்பால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொத்தலாகச் சத்தம் வந்தால், அல்லது கம்பி வெளியே தெரிந்தால், அந்த அறையில் கட்டிலைப் போட வேண்டாம். மேலே ஹோஸ் பைப் சோதனையும் வேண்டாம். கொத்தனாருக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டிய கட்டம் இது. துருப்பிடித்த கம்பிக்கு மேலேயே புதுப் பூச்சு பூசி மறைப்பதுதான் இதில் நடக்கும் மிக மோசமான தவறு. தளர்ந்த கான்கிரீட்டை உடைத்து எடுத்து, கம்பியைச் சுரண்டி, துருத் தடுப்பு அடித்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். வேலை முடியும் வரை கீழே முட்டு கொடுக்க வேண்டியிருக்கலாம்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது என்ன செய்யலாம்?

நிரந்தர வேலை எதுவும் செய்ய முடியாது. ஈரத் தளத்தில் கோட்டிங் ஒட்டாது, கொப்பளித்து உரிந்துவிடும். இப்போதைக்கு மாடியில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். குழாய் வாயில் இருக்கும் இலை, பிளாஸ்டிக் கவரை எடுக்க வேண்டும். ஜாயின்ட் மேல் தார்ப்பாய் விரித்து, அதன் ஒரு ஓரம் பழைய சுவரில் ஓரடியாவது ஏறி இருக்கும்படி வைத்து, மணல் மூட்டையால் அழுத்தலாம். செங்கல் வைத்தால் காற்றில் விழும். இடி மின்னல் நேரத்தில் மாடிக்குப் போகவே வேண்டாம்.

நிரந்தர வேலைக்கு ஏற்ற காலம் பங்குனி முதல் வைகாசி வரை. கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி பக்கம் ஜூனிலேயே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும் என்பதால் அங்கே இன்னும் முன்னதாக முடிக்க வேண்டும். தளம் காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள, ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

ஜாயின்ட்டை எப்படி அடைக்க வேண்டும்?

இதில் நீளும் பொருளை நீள விட வேண்டும் என்பதுதான் விஷயம். முதலில் ஜாயின்ட் மேல் இருக்கும் பழைய பூச்சு, ஒவ்வொரு வருஷமும் தேய்த்த கலவை எல்லாவற்றையும் கொத்தி எடுக்க வேண்டும். பிறகு கட்டிங் மெஷினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே சீரான இடைவெளியாக அறுத்து, தூசியை ஊதி, முழுவதும் காய விட வேண்டும்.

அந்த இடைவெளிக்குள் முதலில் நுரைக் கயிறு ஒன்றைத் திணிப்பார்கள். ஹார்டுவேர் கடையில் 'பேக்கர் ராட்' என்று கேட்டால் தருவார்கள். அதன் மேல் பாலியூரிதீன் சீலன்ட்டை நிரப்ப வேண்டும். கயிறு எதற்கு? சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும்தான் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் அது நீள முடியாமல் கிழியும். இந்தக் கயிற்றை விட்டுவிடுவதால்தான் நல்ல சீலன்ட் போட்ட ஜாயின்ட்டும் ஒரே வருஷத்தில் விட்டுப் போகிறது. பாத்ரூமுக்குப் போடும் சாதாரண சிலிக்கானை இங்கே போட வேண்டாம், அதன் மேல் எந்தக் கோட்டிங்கும் ஒட்டாது.

சீலன்ட் இறுகிய பிறகு, அதன் மேல் இரண்டு பக்கமும் சில அங்குலம் படரும்படி ஃபைபர் மெஷ் வைத்து, வளைந்து கொடுக்கும் கோட்டிங் அடிக்க வேண்டும். கடைசியாக ஒரு தகடு. பழைய சுவரில் தளத்திலிருந்து ஆறு அங்குலம் உயரத்தில் ஒரு காடி வெட்டி, அலுமினியத் தகட்டின் மேல் ஓரத்தை அதில் செருகி அடைத்துவிட வேண்டும். கீழ் ஓரம் ஜாயின்ட்டைத் தாண்டிப் புதுத் தளத்தின் மேல் சும்மா படுத்திருக்க வேண்டும். அதை ஆணி அடித்தோ கலவை வைத்தோ பிடிக்கக் கூடாது. பழைய வீடு ஒரு பக்கம், புது ரூம் ஒரு பக்கம் நகர்ந்தாலும் தகடு குடை மாதிரி மேலே நிற்கும், சுவரில் வழியும் தண்ணீர் ஜாயின்ட்டைத் தொடாது. பல மேஸ்திரிகள் "எதுக்கு இந்த வேலை, கலவை வெச்சு அடைச்சா போதும்" என்பார்கள். இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வாட்டம், எடை, பழைய தட்டோடு

தளத்தில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கிறது என்றால் வாட்டம் சரியில்லை. பத்தடிக்குக் குறைந்தது ஒன்றேகால் அங்குலம் சரிவு குழாய் வாயை நோக்கி இருக்க வேண்டும். இதைச் சரிசெய்ய, இருக்கிற தட்டோட்டுக்கு மேலேயே இன்னொரு இரண்டு அங்குலக் கலவை போட்டு வாட்டம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு அங்குலச் சிமென்ட் கலவை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. 150 சதுர அடி அறைக்கு 1,400 கிலோ! ஏற்கெனவே கம்பி நனைந்திருக்கும் தளத்தின் மேல் ஒரு காரை ஏற்றி நிறுத்துவதற்குச் சமம். தட்டோடும் ஜல்லியும் ஊறிப் போயிருந்தால் அதை உடைத்து இறக்கிவிட்டு, தளத்தைக் காய வைத்து, புதுசாக வாட்டம் எடுப்பதுதான் சரி. கூலி கூடும், ஆனால் எடை கூடாது.

பழைய காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, நாள் கணக்கில் கட்டையால் தட்டித் தட்டித் தளம் போட்டார்கள். சுண்ணாம்பு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், சின்ன விரிசலைத் தானே அடைத்தும் கொள்ளும். தாத்தா வீட்டு மாடி ஒழுகாததில் ஆச்சரியம் இல்லை. இன்று அந்த வேலை தெரிந்த ஆட்கள் கிடைத்தால் செய்யலாம். ஜாயின்ட்டில் மட்டும் அதுவும் உதவாது.

தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை நேர் மூலையாக விடாமல், கலவையால் இரண்டு மூன்று அங்குலத்துக்கு வளைவாகப் பூச வேண்டும். குழாய் வாய் ஒன்றுதான் இருக்கிறதென்றால் இன்னொன்றும் திறக்கலாம், ஒன்று அடைத்தாலும் மற்றது காப்பாற்றும். மேல் மாடித் தண்ணீரை இந்தத் தளத்தில் கொட்ட விடாமல், குழாயை நீட்டி நேராகத் தரைக்கு, முடிந்தால் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

எந்தக் கோட்டிங் நல்லது?

விளம்பரத்தில் எல்லாமே நல்லதுதான். சிமென்ட்டோடு பாலிமர் கலந்து அடிப்பது மலிவு, மேலே ஓடு பதிப்பதாக இருந்தால் பொருத்தம். வெயிலில் திறந்து கிடந்தால் விரிசல் விடலாம். அக்ரிலிக் வகையை வீட்டுக்காரரே பிரஷ்ஷால் அடிக்கலாம், வெள்ளை நிறம் என்றால் அறையின் சூடும் குறையும். ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் சீக்கிரம் உரியும். பாலியூரிதீன் நன்றாக நீளும், விலை அதிகம், தளம் முழுக்கக் காய்ந்திருந்தே ஆக வேண்டும். தீ வைத்து உருக்கி ஒட்டும் தார் ஷீட்டுக்குப் பழகிய ஆள் வேண்டும். எதுவானாலும் ஒரே கோட்டோடு நிறுத்தக் கூடாது, இரண்டாவது கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்காக அடிக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று டின்னில் போட்டிருப்பதைத் தாண்டி நீட்டி அடித்தால், மெலிந்த படலம்தான் மிஞ்சும்.

இதெல்லாம் முடிந்து ஒரு மாதத்தில் டிஷ் ஆன்டெனா போட வருபவர், தளத்தில் நாலு ஓட்டை போட்டு போல்ட் இறுக்கிவிட்டுப் போவதும் நடக்கும். ஸ்டாண்டை கைப்பிடிச் சுவரில் பொருத்தச் சொல்லுங்கள். சோலார் பேனல் என்றால் கான்கிரீட் கட்டைகளின் மேல் வைக்கலாம், அந்த எடையைத் தளம் தாங்குமா என்று கேட்டுக்கொண்டு.

காசு கொடுக்கும் முன்

ரேட் பேசும்போது தளத்துக்குச் சதுர அடியிலும் ஜாயின்ட்டுக்கு ரன்னிங் அடியிலும் தனித்தனியாக எழுதி வாங்குவது நல்லது. மொத்தமாகப் பேசினால் ஜாயின்ட் வேலைதான் முதலில் சுருங்கும். 'பத்து வருஷ கேரண்டி' என்றால் அது டின்னுக்கா, வேலைக்கா என்று கேட்க வேண்டும். டின்னுக்கு மட்டும் கொடுக்கும் கேரண்டியில் ஆள் கூலி வராது.

கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, கோட்டிங் முழுவதும் இறுகிய பிறகு குழாய் வாயை அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட வேண்டும். 150 சதுர அடிக்கு அந்த ஒரு அங்குலமே 350 கிலோ எடை. அதற்கு மேல் தேக்க வேண்டாம், கம்பி பழுது பார்த்த தளமாக இருந்தால் இன்ஜினியரைக் கேட்காமல் இதைச் செய்யவே வேண்டாம். மறுநாள் கீழே சீலிங்கும் பழைய சுவரின் ஓரமும் காய்ந்திருந்தால் பாக்கியைக் கொடுத்துவிடலாம். குழாய் வாயில் வைத்த அடைப்பை மறக்காமல் எடுத்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும்.